அழித்த பிள்ளையார் சுழி: பர்மாவில் ஒரு பழைய கிட்டங்கியைப் படமெடுத்த நிகழ்வு ஆய்வு

2018 டிசம்பரில், ஐராவதி டெல்டாவில் பியாபோனுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வடக்குப் பார்த்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தைப் படமெடுத்தேன். ஒரு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து திருத்தினேன். பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். அந்தக் கட்டடத்திலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் மட்டும் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம வீடு இல்லையே, தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் எங்கே தவறினேன், நான்கு மாதம் கழித்து அதே சுவரை எப்படி மறுபடி எடுத்தேன் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். சிற்றூர்களில் இடிந்துகொண்டிருக்கும் வீடுகளைக் கேமராவில் பிடித்துவைக்க நினைக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது பயன்படட்டும்.

கட்டடம்

அது ஒரு கிட்டங்கி. நகரத்தார், அதாவது செட்டியார்கள், லேவாதேவி (வட்டிக்கடன் தொழில்) நடத்திய இடம். கீழே செங்கல் சுவர், மேலே தேக்குப் பலகை, தெருப்பக்கம் மட்டும் மாடிக்கும் மேலே எழும்பி நிற்கும் ஒரு நெற்றிச் சுவர், அதில் சுதை வேலை. உள்ளே நீளமான கூடம். அந்தக் காலத்தில் தரையில் பாய் விரித்து, ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. பெரியவரின் அப்பா அங்கே கணக்கெழுதியவர்.

இந்த மாதிரி இடங்கள் டெல்டாவில் ஏன் இத்தனை என்று கேட்டால், நெல்தான் பதில். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு வெளிநாட்டில் பெரிய சந்தை கிடைத்தது. காட்டை வெட்டிக் கழனியாக்க விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. 1930-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு செட்டியார் தொழில் நிலையங்களைச் சுமார் 1,650 என்று கணக்கிட்டது. அதே சமயம் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கட்ட முடியாத கடனுக்கு நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 பங்காகிவிட்டது. அப்புறம் 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது, 1962-க்குப் பிறகு வங்கி, கடை எல்லாம் அரசு கைக்குப் போயின. கப்பல் கப்பலாக நம் ஆட்கள் மதராஸுக்குத் திரும்பினார்கள்.

ஆகவே அந்தச் சுவரைப் பார்க்கும் எல்லோருக்கும் ஒரே நினைப்பு வராது. நமக்கு அது தாத்தா வேலை பார்த்த இடம். எதிர்வீட்டுப் பர்மியக் குடும்பத்துக்கு அது தாத்தாவின் நிலம் போன இடமாகவும் இருக்கலாம். படமெடுக்கும்போது இதை நான் மறந்ததில்லை. அதனால்தான் சுவர் எப்படி இருக்கிறதோ அப்படியே படத்தில் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஆனால் இந்தப் பிடிவாதம் எனக்கு முதல் முயற்சிக்குப் பிறகுதான் வந்தது.

நான் பார்த்தபோது கீழே ஒரு சைக்கிள் கடை, பின்கட்டில் பெரியவரும் அவர் மகளும். மாடி பூட்டிக் கிடந்தது. 2008 மே 2, 3 தேதிகளில் அடித்த நர்கிஸ் புயலில் கூரையின் மேற்குப் பாதி பறந்துபோய், அங்கே மட்டும் நீல நிறத் தகரம் போட்டிருந்தார்கள். கிழக்குப் பாதியில் துருப்பிடித்த பழைய தகரம். நெற்றிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று. முகப்புக்குக் குறுக்கே நான்கு மின்கம்பிகள்.

டிசம்பர்: நான் செய்தது

குளிர்காலம் படமெடுக்க நல்ல காலம் என்று எல்லோரும் சொல்வார்கள். மழை இல்லை, வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். நானும் அப்படித்தான் கிளம்பினேன். காலை பத்தரை மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால், சுவர் முழுக்க நிழல். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது.

இதை நான் வீட்டிலேயே யோசித்திருக்க வேண்டும். டெல்டா ஏறக்குறைய 16 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பரில் உச்சிவேளையில்கூடச் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து, அடிவானத்திலிருந்து 50 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்குப் பார்த்த சுவரில் நாள் முழுக்க ஒரு கீற்று வெயில் படாது. சுவர் இருட்டு, பின்னால் வானம் பளீர். ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்கக் கேமராவால் முடியாது.

அதனால் ஐந்து வெவ்வேறு ஒளி அளவில் ஐந்து படம் எடுத்து, எச்.டி.ஆர். முறையில் ஒன்றாகச் சேர்த்தேன். சேர்ந்த படத்தில் வானமும் சுவரும் தெரிந்தன. ஆனால் கூரை விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. காற்றில் ஆடிய அரசங்கன்று மூன்று கன்றாகத் தெரிந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் என்பதால் சுவரின் மேடு பள்ளம் முழுக்கத் தட்டையாகிவிட்டது.

தெரு அகலம் சுமார் 25 அடி, கட்டடத்தின் உயரம் 34 அடி. தரையில் நின்றபடி கேமராவை மேலே சாய்த்தேன். அப்படிச் சாய்த்தால் சுவர்கள் மேலே போகப் போக நெருங்கி, கட்டடம் பின்னால் விழுவது போலத் தெரியும். அதைச் சரிசெய்ய டார்க்டேபிள் மென்பொருளில் வழி இருக்கிறது, லைட்ரூமிலும் இருக்கிறது. பொத்தானைத் தட்டினேன், தூண்கள் செங்குத்தாக நின்றன. திருப்தியாக இருந்தது. மாடி ஜன்னல்கள் அகலத்துக்கு மிஞ்சி நீண்டுவிட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு டேப் வைத்து அளந்தபோது தெரிந்தது: 36 அங்குல அகலம், 66 அங்குல உயரம் உள்ள ஜன்னல் என் படத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டிருந்தது. கொஞ்சம் சாய்த்த படத்தைத்தான் மென்பொருள் ஒழுங்காகத் திருத்தும். அதிகமாகச் சாய்த்துவிட்டால் தூணை நிமிர்த்தும்போதே மேல் பாதியை இழுத்துவிடும்.

நிறத்தில் செய்தது இன்னும் பெரிய பிழை. நிழலில் இருக்கும் சுவருக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம்தான், அதனால் படம் நீலம் பாய்ந்து வரும். கண்ணால் பார்த்தே ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமன்பாட்டை, மஞ்சள் பக்கம் தள்ளினேன். பழைய கட்டடம் என்றால் சந்தன நிறமாக இருக்கவேண்டும் என்று என் மனதில் ஒரு எண்ணம். சுவரும் சந்தன நிறமானது. உண்மையில் அது நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு. நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்து அடிப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம்தானே. அதை நான் படத்திலிருந்து எடுத்தே விட்டேன்.

கடைசியாகத் துடைக்கும் வேலை. என் தொழில் கல்யாணப் படம். பெண்ணின் முகத்தில் பரு இருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஆல்பம் போடுவோம். அந்தக் கை பழக்கம் சுவரிலும் வேலை செய்தது. மின்கம்பிகளை அழித்தேன். அரசங்கன்றை அழித்தேன். நீலத் தகரத்தைத் துரு நிறமாக்கினேன். நெற்றிச் சுவரின் உச்சியில், நடுவில் ஒரு மங்கலான கறை இருந்தது. கறையை மறைக்கும் ஹீலிங் பிரஷ் கருவியால் இரண்டு தடவை தேய்த்ததும் அது போய்விட்டது.

பெரியவர் கேட்டது

ஜனவரியில் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நம்ம வீடு இல்லையே" என்று சொன்னவர், அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நீலச் சுண்ணாம்பு எங்கே? நர்கிஸுக்கு அப்புறம் போட்ட தகரம் எங்கே? அந்தத் தகரம் வாங்க அவர் மகள் தன் வளையலை விற்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது. தெரியாமலேயே அதன் நிறத்தை மாற்றியிருக்கிறேன்.

கடைசியில் அவர் விரலை நெற்றிச் சுவரின் உச்சியில் வைத்தார். "இங்க ஒரு சுழி இருக்குமே, தம்பி. அப்பா காட்டுவார். பிள்ளையார் சுழி. கீழே வருஷம் போட்டிருக்கும். நான் அதைப் பாத்துதான் தமிழ் எண் படிச்சேன்."

"இப்பவும் தெரியுதாங்கய்யா?"

"எனக்கு இப்பக் கண்ணு தெரியலை. இருக்கான்னு நீங்கதான் பாக்கணும்."

அன்று இரவு ரங்கூன் திரும்பியதும் டிசம்பர் மாதத்து ரா ஃபைல்களை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தாத மூலக் கோப்புகளை, திறந்தேன். நல்ல வேளை, திருத்திய படத்தை வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப்போடும் பழக்கம் எனக்கு இல்லை. நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், நான் கறை என்று நினைத்த இடத்தில் ஒரு வளைவு தெரிந்தது. சுழி என்று சத்தியம் செய்யும் அளவுக்கு இல்லை. கீழே ஏதோ மேடுகள். சுண்ணாம்பு அடித்து, அடித்து, அதன்மேல் அடித்து எல்லாம் மூடிக் கிடந்தது.

அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கியவன் முதலில் போட்ட எழுத்தை, அழுக்கு என்று நினைத்து அழித்திருக்கிறேன்.

ஏப்ரல்: வெயிலுக்குக் காத்திருந்தது

மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரவேண்டும். நேராக வந்தால் தெரியாது, நிழலில் தெரியவே தெரியாது. வடக்குச் சுவரில் அப்படி ஒரு வெயில் எப்போது படும் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 21-க்குப் பிறகு சூரியன் நேர் கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் இந்த அட்சத்தில் அது சுமார் 13 பாகை வடக்கே தள்ளியிருக்கும். அதாவது, கிழக்கு மேற்காக ஓடும் தெருவில், வடக்குப் பார்த்த சுவரை 13 பாகைச் சாய்வில் வெயில் உரசிக்கொண்டு போகும். சூரியன் நன்றாக மேலே ஏறும் வரை, ஏறக்குறைய ஒன்பதரை மணி வரை, அது வடக்குப் பக்கத்திலேயே இருக்கும். மே, ஜூனில் இன்னும் வடக்கே போகும். ஆனால் மே நடுவில் மழை பிடித்துவிட்டால் அக்டோபர் வரை டெல்டாவில் சூரியனை நம்ப முடியாது. ஆக, ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று வாரம்தான் இதற்கு வாய்ப்பு. தின்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த பிறகு என்பது இன்னொரு வசதி. திருவிழா நாட்களில் கேமராவோடு தெருவில் நிற்கவே முடியாது.

படமெடுக்கப் போகும் எவரும் போகும் முன் ஒரு திசைகாட்டியை எடுத்துக் கட்டடம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த கோயிலுக்குக் காலை, மேற்குப் பார்த்த கடைக்கு மாலை, தெற்குப் பார்த்த வீட்டுக்குக் குளிர்காலம். வடக்குப் பார்த்ததுக்கு மட்டும் நாள் பார்த்துத்தான் போகவேண்டும்.

இரண்டாவது மாற்றம், நின்ற இடம். தரையில் நிற்காமல் எதிர்வீட்டு மாடிக்குப் போனேன். கீழே டீக்கடை வைத்திருக்கும் பர்மிய அம்மாவிடம் பெரியவரே வந்து பேசினார். அவர்கள் இருவரும் ஐம்பது வருடப் பழக்கம். "வாங்க, ஆனா மாடியில துணி காயுது, பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் கிட்டங்கியின் நடு உயரம் என் கண்ணுக்கு நேராக வந்தது. கேமராவைச் சாய்க்க வேண்டிய அவசியமே இல்லை. 18 மில்லிமீட்டர் லென்ஸ், கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி மட்டம் பார்த்து டிரைபாடில் நிறுத்தியபோது, மேலே நெற்றிச் சுவரும் கீழே வாசற்படியும் ஒன்றாக அடங்கின. அகலம் மட்டும் போதவில்லை. அதனால் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி மூன்று படம் எடுத்து, ஹுகின் என்ற இலவச மென்பொருளில், நேர்கோடுகள் வளையாத முறையில் ஒட்டினேன். இதற்குப் பிறகு ஜன்னலின் அளவு டேப் அளவோடு ஒத்துப்போனது.

மூன்றாவது, ஒரு மூங்கில். ஆறடி மூங்கிலில் அடிக்கு ஒன்றாகக் கறுப்புப் பட்டை அடித்துச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தினேன். கொத்தனாருக்கு அங்கே அடியும் அங்குலமும்தான் பழக்கம், அதனால் மீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அழகுக்காக எடுக்கும் படத்துக்கு இது வேண்டாம்தான். அதனால் மூங்கிலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு தொகுதி எடுத்தேன். நான்காவது, பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் இல்லை என்றாலும் வாங்கியே தீரவேண்டிய ஒன்று: சாம்பல் அட்டை. சுவரின்மேல் படும் அதே வெயிலில் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டால், பிறகு நிறத்தை நம் கண்ணும் மனதும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

முதல் நாள் காலை மேகம். இரண்டாம் நாள் 5:40 வாக்கில் விடிந்தது. ஆறரை மணிக்கு வெயில் தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து நேராக ஓடிவந்து நெற்றிச் சுவரைத் தொட்டது. நான் டிரைபாடைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அங்கே "உ" இருந்தது. வால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த ஒரு சுழி. அதன் கீழே ௧௯௨௬, அதாவது 1926. எந்த மென்பொருளும் வேண்டாமல், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது, கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். பெரியவரின் மகள் அவரைக் கைப்பிடித்துத் தெருவுக்கு அழைத்து வந்தார். அவர் பார்வைக்கு அது தெரியவில்லை. மகள் அவர் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார்.

ஏழரைக்குள் வேலை முடிந்தது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, கையால் நிறுத்திய ஒரே ஒளி அளவு. வெயில் சுவரிலேயே பட்டதால் ஐந்து படத்தைச் சேர்க்கும் வேலை இல்லை, ஒரே அளவில் வானமும் சுவரும் அடங்கின. டிசம்பரில் நான் கணினியில் ஒரு வாரம் பட்ட பாடு முழுக்கத் தவறான மாதத்தில் போனதால் வந்தது.

இரண்டாம் திருத்தம்

அரை நாளில் முடிந்துவிட்டது. லென்ஸின் வளைவைச் சரிசெய்தேன். அரைப் பாகைக்கும் குறைவாக ஒரு சாய்வு இருந்தது, நிமிர்த்தினேன். சாம்பல் அட்டையை வைத்து நிறம். சுண்ணாம்பின் நீலம் தானாக வந்து நின்றது. கேமரா சென்சாரில் ஒட்டியிருந்த தூசியால் வானத்தில் விழுந்த இரண்டு புள்ளிகளை அழித்தேன். அவை கட்டடத்தில் இல்லாதவை, என் கேமராவில் இருந்தவை. அதனால் அழித்தேன். மற்றபடி கம்பி, கன்று, நீலத் தகரம், சைக்கிள் கடையில் தொங்கும் டயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கம்பியைப் பற்றி நண்பர்கள் இன்றும் என்னோடு வாதாடுகிறார்கள். கம்பி கட்டடத்தின் பகுதி இல்லையே, எடுத்தால் என்ன என்று. நியாயமான கேள்விதான். ஆனால் கம்பியை எடுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் சுவரை மென்பொருள் தானாக நிரப்புகிறது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது, பக்கத்துச் சுவரைப் பார்த்து ஒட்டிவிடும். ஒரு கம்பி ஒரு எழுத்தின்மேல் போயிருந்தால் எழுத்து போச்சு. சுவரில் அலங்காரம் ஒன்றும் இல்லாத வீடாக இருந்தால் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டேன். வரவேற்பறையில் மாட்டுவதற்கு என்றால் கம்பி இல்லாத படம் ஒன்று தனியாகச் செய்து, பெயரிலேயே அதைக் குறித்துவைக்கலாம். மூலம் ஒன்று தொடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கோப்பின் விவரக் குறிப்பில் நாள், நேரம், சுவர் பார்க்கும் திசை, எங்கே நின்று எடுத்தேன், என்னென்ன திருத்தினேன் என்று தமிழிலேயே எழுதினேன். ரா ஃபைல்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன, ஒன்று ரங்கூனில், ஒன்று தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில். இன்னொரு விஷயம், டெல்டாவின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

2020

அந்த வருட மழையில் நெற்றிச் சுவரின் நடுப்பகுதி விழுந்தது. அரசங்கன்றின் வேர்தான் பிளந்திருக்கிறது. கொரோனா காலம், நான் ஊரைவிட்டு நகர முடியவில்லை. பெரியவரின் மகள் வைபர் செயலியில் அழைத்து, கொத்தனார் சுவரை மறுபடி எழுப்பப் போகிறார், பழைய படம் ஏதாவது அனுப்ப முடியுமா அண்ணே என்றார்.

மூங்கிலோடு எடுத்ததை அனுப்பினேன். சுவரும் மூங்கிலும் ஒரே தளத்தில் இருந்ததால் கணக்கு சுலபம். படத்தில் ஓர் அடிக்குச் சுமார் 160 பிக்சல். சுழி ஏறக்குறைய 190 பிக்சல். அதாவது 14 அங்குலம். எண்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு, இடையில் எவ்வளவு இடைவெளி, விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி என்று ஒரு தாளில் வரைந்து அதையும் படமெடுத்து அனுப்பினேன். டிசம்பர் படத்தை வைத்து இதில் ஒரு அளவையும் சொல்லியிருக்க முடியாது.

சுண்ணாம்புக் காரையில் செய்யச் சொன்னேன். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது, சில வருடத்தில் பெயர்ந்துவிடும். ஆனால் சுண்ணாம்பு அரைக்க அங்கே இப்போது ஆள் இல்லை, சிமெண்ட்டில்தான் செய்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டின் நிலைமை மாறிவிட்டது. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போகும் துணிவு எனக்கு இல்லை. அதனால் புதுச் சுவரை நான் நேரில் பார்க்கவில்லை. மகள் செல்போனில் எடுத்து அனுப்பிய படம்தான் இருக்கிறது. எழுத்துக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். பர்மியக் கொத்தனார், தமிழ் படிக்கத் தெரியாதவர். சுழியின் வால் இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும் படத்தில் பார்த்து, அப்படியே சாய்த்து வைத்திருக்கிறார்.